விமான நிலையத்தில் பல மாடி பார்க்கிங்: எப்படி யோசித்து வரைகிறார்கள்?

விமான நிலையத்தில் பல மாடி பார்க்கிங் கட்டப்போகிறார்கள் என்றால், செய்தியில் முதலில் வருவது ஓர் எண்தான்: இத்தனை கார் நிற்கலாம். சென்னையில் 2022 டிசம்பரில் திறந்தபோதும் அப்படித்தான் வந்தது. மெட்ரோ நிலையத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்டடங்கள், ஆறு அடுக்கு, இரண்டாயிரத்துக்கும் மேல் கார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது? "ஒரு நாளைக்கு எத்தனை கார் வருது?" என்று எண்ணிப் பார்த்து வருகிறது என்றுதான் நானும் வெகு நாள் நினைத்திருந்தேன். கட்டடம் வரைகிறவர்கள் அதற்கும் முன்னால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வந்த கார் எவ்வளவு நேரம் நிற்கும்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களை வசதிக்காக நானே வைத்துக்கொள்கிறேன். நாள் முழுக்கச் சராசரியாக மணிக்கு 200 கார்கள் உள்ளே வருகின்றன. அதில் 190 கார்கள் யாரையாவது விடவோ அழைக்கவோ வந்தவை. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடும். மீதி 10 கார்களின் சொந்தக்காரர்கள் வண்டியை விட்டுவிட்டு டெல்லிக்கோ மும்பைக்கோ பறந்து, மூன்று நாள் கழித்து வருகிறார்கள். எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும், முதல் வகையில் 190 கார்கள் நின்றுகொண்டிருக்கும். இரண்டாவது வகையில்? மணிக்கு 10 கார், ஒவ்வொன்றும் 72 மணி நேரம். 720 கார்கள்.

வருகிற இருபது பேரில் ஒருவர்தான் மூன்று நாள் நிற்பவர். ஆனால் கட்டடத்தில் ஐந்தில் நான்கு பங்கு அவருக்கே போய்விடுகிறது. இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் விமான நிலைய பார்க்கிங் ஏன் மால் பார்க்கிங் மாதிரி இருக்க முடியாது என்பது புரிந்துவிடும். மாலில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் நிற்கிறார்கள். இங்கே மூன்று நிமிடம் நிற்பவரும் மூன்று வாரம் நிற்பவரும் ஒரே வாசலில் நுழைகிறார்கள்.

ஆகவே முதல் வேலை, இவர்களைப் பிரிப்பது. பெட்டியை இறக்கிக் கையசைத்துவிட்டுக் கிளம்புகிறவர் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே வரக்கூடாது. அவருக்கு முனையத்தின் வாசலோரம் போதும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் நிற்பவருக்கு முனையத்துக்கு மிக அருகில் இருக்கும் தளம். நாள் கணக்கில் விட்டுப்போகிறவருக்கு மேல்தளங்கள், அல்லது இன்னும் தள்ளி ஓர் இடமும் அங்கிருந்து ஒரு பேருந்தும். கட்டணமும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். அருகில் இருக்கும் தளத்துக்கும் தூரத்தில் இருக்கும் தளத்துக்கும் ஒரே கட்டணம் என்றால், அருகில் இருப்பதை மூன்று நாள்காரர்களே பிடித்துவைத்துக்கொள்வார்கள். விலைப்பலகையும் வரைபடத்தின் ஒரு பகுதிதான் என்று நான் சொல்வேன்.

ஒரு காருக்கு எவ்வளவு இடம்?

நம்மூரில் ஒரு காருக்கு வழக்கமாகக் கோடு போடும் கட்டம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். அதாவது 12.5 சதுர மீட்டர். இது நிற்பதற்கு மட்டும். கட்டத்துக்குள் திரும்பி நுழைய முன்னால் வழி வேண்டுமே. நேர்க்கோணத்தில் நிறுத்துவதானால் அந்த வழி சுமார் 6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். இரு பக்கக் கார்களும் அதைப் பகிர்ந்துகொள்வதால் ஒரு காரின் பங்கு 3 மீட்டர், 2.5-ஆல் பெருக்கினால் 7.5 சதுர மீட்டர். ஆக 20 ஆகிவிட்டது. இதோடு மேலே ஏறும் சாய்தளம், தூண்கள், படிக்கட்டு, லிஃப்ட், மின்சார அறை எல்லாம் சேரும். கடைசியில் ஒரு காருக்கு ஏறக்குறைய 30 சதுர மீட்டர் வந்து நிற்கும். டெல்லியின் மாஸ்டர் பிளானில்கூடத் திறந்தவெளி என்றால் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், பூமிக்குள் கட்டும் அடித்தளம் என்றால் 32 என்றுதான் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இப்போது 2,000 கார்களுக்குப் பெருக்கிப் பாருங்கள். 60,000 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஆறரை லட்சம் சதுர அடி. ஆறு தளமாக அடுக்கினால் தரையில் பிடிக்கும் இடம் 10,000 சதுர மீட்டர், சுமார் இரண்டரை ஏக்கர். இதையே வெட்டவெளியில், ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் என்று பரப்பினால் பதினோரு ஏக்கருக்கு மேல் போய்விடும்.

மாடி கட்டுவதால் நிலம் மிச்சம் என்பது எல்லோரும் சொல்வது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது நடை. பதினோரு ஏக்கர் சதுரமான திடல் என்றால் ஒரு பக்கம் 200 மீட்டருக்கு மேல் நீளும். தூரத்து மூலையில் வண்டியை விட்டவர் சித்திரை வெயிலில் இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு அவ்வளவும் நடந்து, அதற்கப்புறம் முனையத்துக்கும் நடக்க வேண்டும். அடுக்கினால் ஒரு தளத்தின் பக்கம் 100 மீட்டர். மிச்சத்தை லிஃப்ட் பார்த்துக்கொள்கிறது. காரை அடுக்குவது மனிதனின் நடையைக் குறைக்கத்தான். அது குறையவில்லை என்றால் அத்தனை சிமென்டுக்கும் இரும்புக்கும் அர்த்தமில்லை.

இடத்தை இன்னும் மிச்சப்படுத்தலாமே, இயந்திரமே காரைத் தூக்கி அடுக்கும் பார்க்கிங் இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் வழியும் சாய்தளமும் தேவையில்லாததால் ஒரு காருக்கு வேண்டிய இடம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அடுக்குமாடி வீடுகளுக்கும் நெருக்கமான கடைத்தெருக்களுக்கும் அது நல்ல வழி. ஆனால் ஒரு காரை இறக்கித்தர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நள்ளிரவில் கால் மணி நேர இடைவெளியில் இரண்டு பெரிய விமானங்கள் இறங்கி, நூறு பேர் ஒரே சமயத்தில் வந்து நின்றால், கடைசி ஆள் தன் காரைப் பார்க்க விடிந்துவிடும். அதனால்தான் பெரிய விமான நிலையங்கள் இன்னமும் பெரும்பாலும் ஆளே ஓட்டிப்போய் நிறுத்தும் முறையையே வைத்திருக்கின்றன.

மேலே ஏறுவது எப்படி?

ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் 3.3 மீட்டர் உயரம் என்று வைப்போம். 10 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் சரிவு என்றால் 33 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். 8-க்கு 1 என்று செங்குத்தாக்கினால் 26 மீட்டரில் முடிந்துவிடும். ஏழு மீட்டர் மிச்சம். ஆனால் முன்னால் ஒரு வண்டி நின்றுவிட்டால், கார் ஓட்டப் புதிதாகப் பழகியவர் அந்தச் சரிவில் கிளட்ச்சையும் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு படும் பாடு அவருக்குத்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு. சமதளம் திடீரென்று சரிவாக மாறும் இடத்தில் காரின் அடிவயிறோ முன்பம்பரோ உரசும். அதைத் தவிர்க்கச் சாய்தளத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சில மீட்டருக்குப் பாதிச் சரிவு கொடுத்து இளக்குவார்கள். நல்ல பார்க்கிங்கில் இதைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள். கவனிக்காததுதான் அதன் வெற்றி.

சாய்தளத்தைத் தனியே கட்டாமல், தளத்தையே மெல்லச் சாய்த்து, அந்தச் சரிவிலேயே கார்களை நிறுத்திக்கொண்டு மேலே போகும் முறை ஒன்று உண்டு. இடமும் செலவும் குறையும். அமெரிக்காவில் இது மிகப் பரவலானது; அங்கே கார் நிற்கும் சரிவு 15-க்கு 1-ஐத் தாண்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. அலுவலகத்துக்கு இது பரவாயில்லை. விமான நிலையத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் டிராலி. நான்கு பெட்டி ஏற்றிய டிராலியை லேசான சரிவில் விட்டுவிட்டு டிக்கியைத் திறக்கத் திரும்புங்கள். அது தன் பாட்டில் உருண்டு பக்கத்துக் காரில் போய் முட்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தச் சரிவு இன்னும் கடினம். நிற்கும் தளம் சமமாகவும் ஏறும் வழி தனியாகவும் இருக்கட்டும். தண்ணீர் வடிய நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்ற அளவில் சின்ன வாட்டம் போதும்.

ஏறும் வழியைத் திருகுபோலச் சுற்றிச் சுற்றிக் கட்டுவதும் உண்டு. அப்போது எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும்? நம் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். வலமாகச் சுற்றினால் வளைவின் உட்பக்கச் சுவர் அவர் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இடைவெளியை அளந்து ஓட்டலாம். இடமாகச் சுற்றினால் அந்தச் சுவர் வண்டியின் மறுபக்கம் போய்விடும். கோயிலை வலம்வருகிற திசையிலேயே காரும் ஏறட்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வாசலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடுத்து, தடுப்புக் கம்பி தூக்கி, கார் நகர 10 விநாடி ஆகிறது என்றால் ஒரு வாசல் வழியாக மணிக்கு 360 கார்தான் போக முடியும். நெரிசல் நேரத்தில் 600 வந்தால் இரண்டு வாசல் கட்டாயம்; ஒன்று பழுதாகும் என்று மூன்றாவதும் வேண்டும். ஃபாஸ்டேக் வைத்தால் நேரம் பாதிக்கும் கீழே குறையும். வாசலுக்கு முன்னால் பத்துக் கார் வரிசையில் நிற்க 60 மீட்டர் இடமும் உள்ளேயே விட வேண்டும். விடாவிட்டால் அந்த வரிசை, சென்னை விமான நிலையத்துக்கு முன்னால் போகும் ஜி.எஸ்.டி. சாலை மாதிரியான ஒரு சாலையில் போய் நிற்கும். அப்புறம், பார்க்கிங்குக்கே வராதவர்களும் விமானத்தைத் தவறவிடுவார்கள்.

தூணும் பாரமும்

தூண்கள் எங்கே நிற்கின்றன என்பதைக் கார்தான் முடிவு செய்கிறது. ஒரு வரிசைக் கார் 5 மீட்டர், வழி 6 மீட்டர், எதிர் வரிசை 5 மீட்டர். மொத்தம் 16. நடுவில் தூணே இல்லாமல் இந்த 16 மீட்டரைத் தாண்டும் பீம் போட்டால் ஓட்டுநருக்குப் பெரிய நிம்மதி. கதவு தூணில் இடிக்காது, மறைவான மூலையும் இருக்காது. ஆனால் பீமின் உயரம் கூடும், செலவும் கூடும். செலவைக் குறைக்க மூன்று கார்களுக்கு ஒரு தூண் என்று வைப்பதும் வழக்கம்: மூன்று கட்டம் 7.5 மீட்டர், தூணின் பருமனையும் சேர்த்தால் எட்டு மீட்டருக்குச் சற்று மேல். பல கட்டடங்களில் தூண்கள் எட்டு மீட்டர் சொச்சத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

பாரத்தைப் பற்றி ஒரு செய்தி கேட்டு நான் முதலில் நம்பவில்லை. கார்கள் நிற்கும் தளம்தான் மிகவும் கனமாகக் கட்டப்படும் என்று தோன்றுகிறதல்லவா? இந்தியத் தர நிர்ணயத்தில், 875 என்ற எண் கொண்ட ஆவணத்தில், கார் நிறுத்தும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ பாரம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நாற்காலிகள் பொருத்தாத, கூட்டம் கூடும் மண்டபத்துக்கு 500 கிலோ. அதாவது காரைவிடக் கல்யாணக் கூட்டம் கனம். யோசித்தால் சரிதான். ஒன்றரை டன் காரை அது நிற்கும் 12.5 சதுர மீட்டரால் வகுத்தால் 120 கிலோதான் வருகிறது. ஆட்கள் தோளோடு தோள் உரச நின்றால் ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேர் நிற்பார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. இன்றைக்குப் பார்க்கிங்காகக் கட்டுவதை நாளைக்குக் கடையாகவோ மண்டபமாகவோ மாற்ற நினைத்தால், இன்றைக்கே கூடுதல் பாரத்துக்குக் கட்ட வேண்டும். பிறகு நினைத்தால் நடக்காது. இரண்டாவது, பேட்டரி கார்கள். அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட அவை கனமானவை. பிரிட்டனின் கட்டமைப்புப் பொறியாளர் கழகம் 2023-ல் கார் பார்க்கிங் வடிவமைப்புக்கான வழிகாட்டியைப் புதுப்பித்தபோது கார்களின் எடை கூடிவருவதை முக்கியமாக எடுத்துக்கொண்டது.

தண்ணீர் இன்னொரு எதிரி. மழையில் வரும் ஒவ்வொரு காரும் கொஞ்சம் தண்ணீரைக் கொண்டுவந்து தளத்தில் சொட்டவிடுகிறது. வடிகால் சரியில்லை என்றால் அது தேங்கி, கான்கிரீட்டின் நுண்ணிய விரிசல்களில் இறங்கி, உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரில் 1997 மார்ச்சில், 1960-களில் கட்டிய ஒரு பார்க்கிங்கின் மேல்தளம் இடிந்து விழுந்தது. பழுதான கான்கிரீட்டும் சரியாகச் செய்யாத ஒட்டுவேலையும் காரணம். விழுந்தது விடிவதற்கு முந்தைய இருட்டில் என்பதால் யாரும் சாகவில்லை. கடற்காற்று வீசும் ஊர்களில் இந்த எச்சரிக்கையை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூமிக்குள் கட்டினால் என்ன? சென்னை விமான நிலையத்தை ஒட்டியே அடையாறு ஓடுகிறது. இரண்டாவது ஓடுபாதையின் ஒரு பகுதியே ஆற்றின் மேல் பாலமாக நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையத்தை நாள்கணக்கில் மூடினார்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் அந்தப் படங்களை நாடே பார்த்தது. தண்ணீர் வந்தால் கார் மேலே போக வேண்டும் என்று நம் மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் காரை அடித்தளத்தில் இறக்கத் திட்டம் போடுவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும்.

விமான நிலையம் என்பதால் வரும் கட்டுப்பாடுகள்

எத்தனை மாடி என்பதை இங்கே கட்டுகிறவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. ஓடுபாதையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிண்ணம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டடமும் அந்தக் கிண்ணத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு நீட்டக்கூடாது. பெரிய ஓடுபாதைகளில் அதற்கென ஒதுக்கிய பட்டையின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் ஏறக்குறைய 7 மீட்டர் விலகினால் 1 மீட்டர் உயரலாம் என்பது சர்வதேச விதி. 21 மீட்டர் உயரக் கட்டடம் என்றால் அந்தப் பட்டையிலிருந்து 147 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மொட்டைமாடியின் விளக்குக் கம்பமும் லிஃப்ட் அறையும் இந்த உயரத்தில் சேர்த்திதான். கட்டும்போது நிறுத்தும் கிரேனுக்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் ஓடுபாதையைப் பார்க்கும் பார்வைக்கோட்டைக் கட்டடம் மறைக்கக்கூடாது; மேல்தள விளக்கு விமானியின் கண்ணைக் கூசவைக்கக்கூடாது.

அடுத்தது பாதுகாப்பு. 2006 டிசம்பர் 30 அன்று மாட்ரிட் விமான நிலையத்தின் நான்காம் முனைய பார்க்கிங்கில், பாஸ்க் பகுதிக்குத் தனிநாடு கேட்டு ஸ்பெயினில் ஆயுதமேந்திய ஈட்டா அமைப்பினர் வேன் ஒன்றில் வைத்த குண்டு வெடித்து, கட்டடத்தின் ஒரு பகுதி அப்படியே சரிந்தது. எச்சரிக்கை முன்பே வந்து ஆட்களை வெளியேற்றியிருந்தார்கள். ஆனாலும் தங்கள் கார்களுக்குள் தூங்கிக்கொண்டிருந்த இருவர் இறந்துபோனார்கள். எக்வடோர் நாட்டிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்கள். பார்க்கிங் என்பது கார்கள் மட்டும் இருக்கும் இடம் என்று நினைத்து வரையக்கூடாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று எனக்குத் தெரியவில்லை. முனையத்துக்கும் பார்க்கிங்குக்கும் நடுவில் ஏன் இவ்வளவு இடைவெளி, ஏன் ஒட்டியே கட்டவில்லை என்று பெட்டியை இழுக்கும்போது நமக்கு எரிச்சல் வரும். அந்த இடைவெளிக்குப் பின்னால் இப்படிப்பட்ட நாட்கள் இருக்கின்றன.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பார்க்கிங் கட்டடங்களுக்குப் பக்கச்சுவர் இல்லாமல் திறந்துவிடுவது பழைய வழக்கம். புகை தானாக வெளியேறும். ஒரு கார் எரிந்தாலும் அடுத்ததற்குப் பரவுவதற்குள் அணைத்துவிடலாம் என்பது அன்றைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உடைத்தவை விமான நிலையங்களே. 2020 ஜனவரி 7-ல் நார்வேயின் ஸ்டவாங்கர் விமான நிலைய பார்க்கிங்கில் ஒரு காரில் பிடித்த தீ பல நூறு கார்களை எரித்து, கட்டடத்தின் ஒரு பகுதியையும் சரித்தது. 2023 அக்டோபர் 10 இரவு லண்டனை அடுத்த லூட்டன் விமான நிலையத்தில் ஒரு டீசல் காரில் தொடங்கிய தீ ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை அழித்தது. கட்டிச் சில ஆண்டுகளே ஆன அந்தக் கட்டடத்தை முழுதாக இடிக்க வேண்டியதாயிற்று. இரண்டிலும் தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லாமல் போனது பெரிய ஆறுதல்.

என்ன மாறிவிட்டது? இன்றைய கார்களில் பிளாஸ்டிக் அதிகம். எரிபொருள் தொட்டிகூடப் பல கார்களில் பிளாஸ்டிக். அது உருகினால் எரியும் எண்ணெய் தளத்தில் ஓடி அடுத்தடுத்த கார்களின் அடியில் போகும். கார்களும் அகலமாகிவிட்டதால் நடுவில் இடைவெளி குறைந்துவிட்டது. பேட்டரி கார் தீப்பிடித்தால் அணைந்ததுபோல் தெரிந்து மீண்டும் பற்றும். மணிக்கணக்கில் குளிர்விக்க வேண்டும். விமான நிலையத்துக்கே உரிய சங்கடமும் ஒன்று சேர்கிறது. பக்கத்தில் தீ என்றால் மாலில் உள்ளவர் ஓடிவந்து வண்டியை நகர்த்துவார். இங்கே காரின் சொந்தக்காரர் ஆகாயத்தில் இருக்கிறார். மூன்று நாள்காரர்களின் கார்கள் நெருக்கமாக, ஆளே இல்லாமல் நிற்கின்றன. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் தன் விதிநூலின் 2023 பதிப்பில், பக்கம் திறந்த பார்க்கிங்குக்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்று சொல்லிவிட்டது. புதிதாக ஒன்று கட்டும்போது செலவைக் காட்டி இதை விட்டுவிடுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

மின்னேற்றும் வசதிக்கும் இப்போதே இடம் விட வேண்டும். 2,000 கார்களில் பத்தில் ஒன்று ஒரே நேரத்தில் 7.4 கிலோவாட் சார்ஜரில் நின்றாலும் ஏறக்குறைய ஒன்றரை மெகாவாட் வேண்டும். டிரான்ஸ்பார்மருக்கு அறை, கேபிளுக்கு வழி இரண்டையும் பிறகு தேடினால் கிடைக்காது. மொட்டைமாடியில் யாரும் வெயிலில் காரை விட விரும்பமாட்டார்கள். அங்கே சூரியத் தகடுகளையே கூரையாகப் போட்டால் நிழலும் ஆச்சு, மின்சாரமும் ஆச்சு. கொச்சி விமான நிலையத்தில் கார் நிற்கும் இடத்துக்கு அப்படித்தான் கூரை போட்டிருக்கிறார்கள்.

காரை விட்டு இறங்கியவர்

கதவைச் சாத்தியவுடன் ஓட்டுநர் பாதசாரி ஆகிவிடுகிறார். கையில் டிராலி, தோளில் பை, இடுப்பில் குழந்தை. லிஃப்ட் எங்கே? அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பலகையைத் தேட வைக்கக்கூடாது. லிஃப்ட்டின் உள்ளே இரண்டு டிராலியும் நான்கு பேரும் நிற்க இடம் வேண்டும். இரண்டு லிஃப்ட் போதும் என்று ஆளை எண்ணி வரைந்திருப்பார்கள். ஆனால் இங்கே ஒவ்வொரு ஆளும் டிராலியோடு மூன்று ஆள் இடத்தைப் பிடிக்கிறார். சக்கர நாற்காலியில் வருபவரின் கட்டம் 3.6 மீட்டர் அகலம் வேண்டும், அதுவும் நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் என்று இந்திய வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நடந்துபோகும் வழி கார் போகும் வழியோடு கலக்காமல், வேறு நிறத்தில், லேசாக உயர்த்தி இருந்தால் குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்தபடியே நடக்க வேண்டியதில்லை. படிக்கட்டுக்குக் கண்ணாடிச் சுவர் வைப்பது அழகுக்காக அல்ல. இரவு இரண்டு மணிக்குத் தனியாக வரும் பெண்ணுக்கு உள்ளே யார் நிற்கிறார் என்பது வெளியிலிருந்தே தெரிய வேண்டும்.

திரும்பி வரும்போது இன்னொரு சிக்கல். மூன்று நாளில் "எங்கே விட்டோம்" என்பது மறந்துபோகும். மூன்றாம் தளம், சி வரிசை, 47 என்பது தூக்கக் கண்ணில் நிற்காது. சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தின் பெரிய பார்க்கிங்கில் ஒவ்வொரு தளத்துக்கும் அந்த ஊர் விளையாட்டு அணி ஒன்றின் பெயரை வைத்திருக்கிறார்கள்; லிஃப்டடியில் அந்த அணிக்குரிய பாட்டும் ஒலிக்கும். எண்ணை மறப்பவர் பாட்டை மறப்பதில்லை. நம்மூரில் ஒரு தளத்துக்குக் குறிஞ்சி, அடுத்ததற்கு முல்லை, அதற்குரிய வண்ணமும் படமும் என்று வைத்தால் பள்ளிப் பிள்ளைகூட நினைவில் வைத்துக்கொள்ளும் என்று எனக்கு நீண்ட நாளாக ஓர் ஆசை.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை வரைபடக்காரர்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும். திருச்சி விமான நிலைய வாசலில் ஒரு மாலை நின்று பார்த்தால் தெரியும். ஒருவர் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறார். வழியனுப்ப வேனில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருப்பார்கள். அந்த வேன் இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரம். பார்க்கிங் தளத்தில் பீமுக்கு அடியில் கிடைப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. தரைத்தளத்தை மட்டுமாவது உயர்த்திக் கட்டி வேன்களுக்கு ஒதுக்கவில்லை என்றால் அந்தக் குடும்பம் எங்கே போய் நிற்கும்? பாட்டியும் கைக்குழந்தையும் சாலையோரம் வெயிலில் நிற்பார்கள். கார் வைத்திருக்கிறவருக்கு ஆறு மாடி கட்டிவிட்டு, வேனில் வந்தவருக்கு இடமில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மணி நேரக் கணக்கில் நான் இதுவரை சேர்க்காதவர்கள் கால் டாக்சி, வேன் ஓட்டுநர்கள். விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்றால் அவருக்கும் இரண்டு மணி நேரம். ஏசி போட்டால் டீசல் காசு அவர் கையை விட்டுப் போகும். அதனால் கண்ணாடியை இறக்கிவிட்டு, இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறார். அவருக்குக் குடிதண்ணீர், கழிப்பறை, மின்விசிறி ஓடும் ஓர் ஓய்வறை, எந்த விமானம் எப்போது இறங்கும் என்று காட்டும் ஒரு திரை, போனுக்கு நான்கு சார்ஜர் முனை. இவ்வளவையும் மூன்று கார் பிடிக்கும் 90 சதுர மீட்டரில் அடக்கிவிடலாம். இரண்டாயிரத்தில் மூன்று. எந்தப் புதுத் திட்டத்தின் வரைபடம் கண்ணில் பட்டாலும் தரைத்தளத் தாளில் நான் முதலில் தேடுவது அந்த அறையைத்தான்.